எலுமிச்சைத் துளிரிலும் தக்காளி இலையிலும் வெள்ளைக் கோடு: ஒரே மருந்து போதுமா?

செம்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மியான்மரின் மோன் மாநிலத்தில், தட்டோனுக்கும் மோல்மேனுக்கும் நடுவே ஒன்றரை ஏக்கர் தோட்டம். 200 எலுமிச்சை ஒட்டுக்கன்று இருக்கிறது. நட்டு இரண்டு வருடம், இன்னும் காய்க்க விடவில்லை. வேலி ஓரமாக 25 பம்பளிமாஸ், ஏழெட்டு வருடத்து மரங்கள். எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவில் தக்காளியும் பயற்றங்காயும் போட்டிருக்கிறது.

தாடின்ஜூட் (அக்டோபர் வாக்கில் வரும் விளக்குத் திருவிழா) கழிந்து மழை விட்டதும் கன்றுகளுக்கு எருவும் யூரியாவும் வைத்துத் தண்ணீர் கட்டினோம். துளிர் நன்றாகத்தான் வந்தது. பத்து நாளில் பார்த்தால் இளம் இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. இலைமேல் வெள்ளி பூசியதுபோல வளைந்து வளைந்து கோடு. பம்பளிமாஸிலும் இருக்கிறது, ஆனால் குறைவு. தக்காளியின் அடி இலைகளிலும் அதேபோல வெள்ளைக் கோடு. இலை சுருளவில்லை, ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் நிறைய. பயறு முளைத்துப் பன்னிரண்டு நாள். அதிலும் புள்ளி, சில நாற்று மஞ்சளாகிச் சாய்கிறது.

சைபர்மெத்ரினும் குளோர்பைரிபாஸும் கலந்த மருந்தை எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு தடவை அடிக்கச் சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தாயிற்று. எலுமிச்சை அப்படியே இருக்கிறது, தக்காளியில் கோடு கூடியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பூச்சியா? எதை, எவ்வளவு, எப்போது அடிப்பது? சுருண்ட இலைகளை வெட்டி எறியலாமா?

கொழுந்து (பதில்):

தம்பி, மூன்றும் வேறு வேறு பூச்சி. இலைத்துளைப்பான் என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். எலுமிச்சையில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு, ஃபைலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. தக்காளியில் இருப்பது லிரியோமைசா என்ற சிறு ஈயின் புழு. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதை ஒன்றும் செய்யாமல் போகலாம். எனக்குத் தெரிந்தது எலுமிச்சை வகை. அதை மட்டும் சொல்கிறேன்.

கோட்டைப் பார்த்து மருந்து அடித்தால் எப்போதும் தாமதம்தான். அந்துப்பூச்சி இறக்கை விரித்தால் 4 மில்லிமீட்டர் சொச்சம். வெள்ளி நிறம், முன் இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி. இரவில்தான் நடமாட்டம். 3 செ.மீ.க்குள் இருக்கும் இளந்துளிரில், பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் நடு நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் சிறு தண்ணீர்த் துளிபோலத் தெரியும். பொரித்த புழு நேரே இலைத் தோலுக்குள் இறங்கிவிடும், வெளியே நடமாடாது. நடுவில் ஓடும் கறுத்த இழை அதன் எச்சம். வளர்ந்ததும் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை இரண்டு மூன்று வாரம். முற்றிய இலையில் அது இறங்கவே முடியாது.

சைபர்மெத்ரின் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இலை மேலே தங்கும் மருந்து தோலுக்கு அடியில் இருக்கும் புழுவைத் தொடாது, மடிப்புக்குள் இருக்கும் கூட்டுப்புழுவையும் தொடாது. மேலே அலைந்து அந்தப் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைத்தான் தொடும்.

பம்பளிமாஸுக்கு எதுவும் அடிக்காதீர்கள். நாலு வயதைத் தாண்டிய மரம் இதைத் தாங்கும். புழு இலையின் மேல்தோலை மட்டுமே தின்கிறது, பச்சையம் உள்ள நடுப்பகுதி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கவனம் முழுக்க அந்த 200 கன்றில் இருக்கட்டும்.

சுருண்ட இலையை வெட்டக் கூடாது. அது இன்னும் மரத்துக்குச் சோறு போடுகிற இலை. வெட்டினால் பக்கத்தில் புதுத்துளிர் வெடிக்கும், அடுத்த தலைமுறை அதில் வந்து உட்காரும். கையால் ஒடிக்க வேண்டியது ஒட்டுக்குக் கீழே வரும் போத்துகளையும், நடுவில் நெட்டுக்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகளையும் மட்டுமே. அவை ஓயாமல் துளிர்விட்டுப் பூச்சியை வருடம் முழுக்க வளர்க்கும். வாரம் ஒரு முறை, பிஞ்சாக இருக்கும்போதே ஒடித்துவிடுங்கள்.

இப்போது வந்த துளிர் போனது போனதுதான், அதன்மேல் மருந்தைக் கொட்டாதீர்கள். அடுத்த துளிர் அரை அங்குலம் நீளும்போது தொடங்க வேண்டும். பயிருக்கென்று குழம்பாக்கி விற்கும் வெள்ளை எண்ணெய் (சுத்திகரித்த கனிம எண்ணெய்), லிட்டருக்கு 5 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு 80 மில்லி. இது புழுவைக் கொல்வதற்காக அல்ல. எண்ணெய் படிந்த இலையில் அந்துப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும், அதுதான் பயன். ஆகவே இலையின் இரண்டு பக்கமும், முக்கியமாக அடிப்பக்கம், சொட்டும் அளவுக்கு நனைய வேண்டும். இரண்டு வயதுக் கன்றின் துளிருக்கு அரை லிட்டர் கரைசல் போதும், ஒரு டேங்கில் முப்பது கன்று பார்க்கலாம். 7 நாளில் மறுபடி. அந்த ஒரு வாரத்துக்குள் புதிதாக விரிந்த இலையில் எண்ணெயே இருக்காது. இலை தடித்துப் பளபளப்பு வரும்வரை இரண்டு, மூன்று முறை அடித்தால் அந்தத் துளிர் தப்பிவிடும்.

ஏற்கெனவே கோடு தொடங்கிவிட்டது, பாதி இலை இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் அபாமெக்டின் 1.8 இ.சி. (1.8 சதவீதம், தண்ணீரில் குழம்பாகும் திரவம்), லிட்டருக்கு அரை மில்லி (டேங்குக்கு 8 மில்லி), கூடவே வெள்ளை எண்ணெய் 40 மில்லி. எண்ணெய் இருந்தால்தான் மருந்து இலைக்குள் இறங்கும். இலைமேல் தங்கிய அபாமெக்டினை வெயில் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும் என்பதால் மாலை 4 மணிக்குப் பிறகே அடிக்க வேண்டும். ஒரு துளிருக்கு ஒரு தடவை, அதற்குமேல் வேண்டாம்.

யூரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் துளிர் ஒரு ஒழுங்கில்லாமல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், எண்ணெயும் எப்போதும் அடிக்க வேண்டியிருக்கும். எல்லாக் கன்றுக்கும் ஒரே வாரத்தில் உரம், ஒரே வாரத்தில் தண்ணீர் என்று வைத்தால் துளிர் ஒன்றாக வெடித்து ஒன்றாக முற்றும். இதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆற்றங்கரை (பதில்):

கொழுந்து அண்ணன் சொன்னதற்கு மேல் காய்கறிப் பக்கம் நான் சொல்கிறேன்.

தக்காளி ஈ 2 மில்லிமீட்டர்தான். கறுப்பும் மஞ்சளும், முதுகில் இறக்கைகள் சேரும் இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு. நீங்கள் பார்த்த ஊசிப் புள்ளிகள் பெண் ஈ இலையைக் குத்தி வழியும் சாற்றைக் குடித்த இடங்கள். சில குத்துகளில் மட்டுமே முட்டை இருக்கும். புழு இலைக்குள் நாலு நாள் முதல் ஒரு வாரம் வரை தின்றுவிட்டு, தோலைப் பிறை வடிவத்தில் கீறி, கீழே மண்ணில் விழுந்து கூடு கட்டும். எலுமிச்சைப் புழு இலையிலேயே கூடு கட்டுகிறது, இது மண்ணுக்குப் போகிறது. இந்த வித்தியாசம் முக்கியம்.

மருந்து தேவையா என்று முதலில் பாருங்கள். கோடு உள்ள இருபது இலையைப் பறித்துச் சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். கோட்டின் அகன்ற முனையில் மஞ்சள் புழு நெளிந்தால் உயிரோடு இருக்கிறது. தட்டையாகப் பழுப்பாகக் கிடந்தாலும், பக்கத்தில் சின்னக் கறுப்புக் கூடு இருந்தாலும் ஒட்டுண்ணிக் குளவி முடித்துவிட்டது என்று பொருள். கோடு நீளாமல் பாதியிலேயே நின்றிருப்பதும் அதே அடையாளம்தான். முனையில் பிறைக் கீறலோடு காலியாக இருந்தால் புழு இறங்கிப் போய்விட்டது, அந்த இலைக்கு மருந்து அடித்துப் பலனில்லை. இருபதில் பாதிக்குமேல் குளவி பிடித்தவையாக இருந்தால் தெளிப்பானை எடுக்கவே வேண்டாம்.

இன்னும் சரியாக அறிய, செடியின் அடியில் ஓர் அடி நீளத் தட்டு நாலைந்து இடத்தில் வைத்துக் காலையில் எண்ணுங்கள். தட்டில் விழுந்த கூடு நாளுக்குச் சராசரி 10 என்று மூன்று நாலு நாள் தொடர்ந்தால் மருந்து. அதற்குக் கீழே என்றால் பொறுத்திருக்கலாம்.

உங்கள் தக்காளியில் கோடு கூடியதற்குக் காரணம் அந்தக் கலவை மருந்தேதான். லிரியோமைசா ஈக்கு அந்த இன மருந்துகள் பல இடத்தில் பழகிப்போய்விட்டன. குளவிக்குப் பழகவில்லை. குளவி செத்தது, ஈ நின்றது. முதலில் அதை நிறுத்துங்கள். நிறுத்திய உடனே குறையாது, குளவி திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க சைரோமசின் 75 டபிள்யூ.பி. (75 சதவீதம், தண்ணீரில் கரைக்கும் தூள்) இருந்தால் டேங்குக்கு 6 கிராம், ஒரு முறை. இது ஈ இனத்தின் புழு தோல் உரிப்பதைத் தடுக்கிற மருந்து, குளவிக்குப் பெரிய கெடுதல் இல்லை. எலுமிச்சையில் அடித்தால் காசுதான் போகும், அந்துப்பூச்சிக்கு அது வேலை செய்யாது. சைரோமசின் கிடைக்காவிட்டால் ஸ்பினோசாட் 45 எஸ்.சி. (45 சதவீதம், கெட்டித் திரவம்), டேங்குக்கு 5 மில்லி, தேனீ அடங்கிய மாலையில். இரண்டாவது தடவை தேவைப்பட்டால் அதே மருந்தைத் திரும்ப அடிக்காமல் வேறு இனத்துக்கு மாறுங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது புட்டியில் இருக்கும், தக்காளி பறிக்கும் காலத்தில் அதை மீறக் கூடாது. இலைமேல் தங்கிப் புழு தின்றால்தான் வேலை செய்யும் பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்து இரண்டு பூச்சிக்கும் உதவாது.

அடி இலைகளில் உயிரோடு புழு நிறைய இருந்தால் அந்த இலைகளைப் பறித்து பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். பாத்தி ஓரத்தில் போட்டால் புழு இறங்கி மண்ணுக்குத்தான் போகும். மணத்தக்காளிச் செடி வரப்பில் இருந்தால் பிடுங்குங்கள், ஈ அதில் தங்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்தாறு, செடி உச்சி உயரத்தில் வைத்தால் ஈ கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். அளவுக்குமேல் நட்டால் குளவியும் அதில் ஒட்டும்.

பயறு எனக்குக் கவலையாக இருக்கிறது. முளைத்துப் பன்னிரண்டு நாளில் நாற்று மஞ்சளாகிச் சாய்வது சாதாரண இலைத்துளைப்பான் வேலை இல்லை. சாய்ந்த நாற்று ஒன்றை வேரோடு பிடுங்கி, தண்டும் வேரும் சேரும் இடத்தை நகத்தால் உரித்துப் பாருங்கள். அங்கே தடித்து வெடித்து, தோலுக்கு அடியில் அரிசிக் குருணைபோலப் பழுப்புக் கூடு இருந்தால் அது தண்டு ஈ, ஓஃபியோமையா. இலையில் முட்டை வைத்து, புழு காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி அடிக்குப் போய்விடும். சாய்ந்தவற்றைப் பிடுங்கி எரியுங்கள். மற்ற நாற்றுகளுக்கு முதல் இரண்டு இலைக் கணுவுக்குக் கீழ்வரை மண் அணையுங்கள். சேதமான இடத்துக்கு மேலே புதுவேர் விட்டு நிறையச் செடி பிழைத்துக்கொள்ளும். அடுத்த விதைப்பில் விதை நேர்த்தி செய்தே போட வேண்டும். முளைத்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு.

பெகு ரோடு (பதில்):

200 கன்றுக்கும் வாரம் வாரம் எண்ணெய் என்றால் கூலி கட்டாது. காய்ப்புக்கு விடாத கன்றுதானே? இமிடாகுளோபிரிட் வேரில் ஊற்றினால் ஒரு தடவையில் இரண்டு மாதம் நிற்கும். துளிர் கிளம்புவதற்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, தண்டைச் சுற்றி ஒரு முழம் வட்டத்துக்குள் ஊற்ற வேண்டும். வறண்ட மண்ணில் ஊற்றினால் மேலேயே நின்றுவிடும், ஊற்றிய உடனே வெள்ளமாகத் தண்ணீர் கட்டினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். துளிர் வந்த பிறகு ஊற்றினால் இலைக்கு ஏறுவதற்குள் புழு வேலையை முடித்துவிடும்.

கொழுந்து (பதில்):

நாற்றங்காலுக்கும் தனித்தோட்டக் கன்றுக்கும் அது சரி. இந்தத் தோட்டத்துக்கு நான் ஒப்ப மாட்டேன். நடுவில் பயறும் தக்காளியும் நிற்கிறது. வேரில் ஊற்றிய மருந்து ஊடுபயிரின் வேருக்கும் போகும், பயறு பூத்தால் தேனீக்கும் போகும். எலுமிச்சையும் இரண்டு வயதில் அங்கங்கே பூ எடுக்கத்தான் செய்யும். இன்னொன்று, எங்கள் மோன் பக்கம் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்குமேல் மழை. கிணறு ஆழம் குறைவு. தண்ணீரில் எளிதாகக் கரைகிற மருந்தைக் கிணற்றருகே மண்ணில் ஊற்றுவது நல்லதில்லை. ஊடுபயிர் இல்லாமல், கிணறு தள்ளி, பூவைக் கிள்ளிவிட்ட கன்று என்றால் புட்டியில் போட்டிருக்கும் அளவில் வருடத்துக்கு ஒரு தடவை ஊற்றட்டும்.

குளவி விஷயத்தில் ஆற்றங்கரை சொன்னது எலுமிச்சைக்கும் பொருந்தும். இந்த அந்துப்பூச்சி நம் பக்கத்துப் பூச்சி. 1856-ல் கல்கத்தாவில் கிடைத்ததை வைத்துத்தான் முதலில் பெயரிட்டார்கள். அது 1993-ல் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே அதை அடக்கக் குளவி போதவில்லை. தாய்லாந்தில் எடுத்து ஆஸ்திரேலியாவில் வளர்த்திருந்த அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா குளவியை 1994-ல் வரவழைத்து விட்டார்கள். அப்படித் தேடிக் கொண்டுபோன ஒட்டுண்ணிகளின் தாய்மண் நம் வட்டாரம். பூச்சிக்கொல்லியைக் குறைத்தாலே அவை வந்து சேரும். பம்பளிமாஸுக்கு அடிக்காதீர்கள் என்று சொன்னதற்கு அதுவும் காரணம். அந்த 25 மரமும் குளவி பெருகும் இடமாக நிற்கட்டும்.

வேம்படி (பதில்):

வேப்பங்கொட்டைச் சாறு இரண்டுக்கும் பொது. தக்காளிக்கும் அடிக்கலாம், எலுமிச்சைத் துளிருக்கும் அடிக்கலாம், குளவியை அதிகம் தொடாது. நம் கீழ் பர்மாப் பக்கம் மழை கூடுதல், வேம்பு குறைவு. மேல் பர்மாவின் மாந்தலே, மிஞ்ஜான் பக்கத்திலிருந்து வரும் கொட்டையை வாங்குங்கள். ஜூன் வாக்கில் பொறுக்கியது இப்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும், அது சரியான பக்குவம். மூன்று மாதத்துக்குக் குறைந்ததும் எட்டு மாதம் தாண்டியதும் வேண்டாம். உடைத்துப் பாருங்கள், உள்ளே பருப்பு பச்சை கலந்து இருக்க வேண்டும். கறுத்துப் பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குங்கள்.

100 லிட்டருக்கு ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ, நம் பர்மா வீசைக் கணக்கில் ஏறக்குறைய 3 வீசை. எண்ணெய் கக்காத அளவுக்கு இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் துணியில் கட்டி, வெள்ளைப் பால் வருவது நிற்கும்வரை தண்ணீரில் முக்கி முக்கிப் பிழியுங்கள். 200 கிராம் சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்த்து, 100 லிட்டராக்கி, மறுபடி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்து அன்று முழுக்க அதோடுதான் போராட வேண்டும். அன்று மாலையே அடித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் இல்லை. வேப்பிலையை அரைத்து அடிப்பவர்கள் உண்டு, கொட்டையோடு ஒப்பிட்டால் அதில் சத்து மிகக் குறைவு. கடை வேப்பெண்ணெய் என்றால் துளிருக்கு லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாதீர்கள், இளம் இலை கருகும்.

செம்மண்:

எல்லோருக்கும் நன்றி. பயறு நாற்றைப் பிடுங்கி உரித்துப் பார்த்தேன், ஆற்றங்கரை சொன்ன அதே பழுப்புக் கூடு. மண் அணைக்கத் தொடங்கிவிட்டோம். தக்காளி இலை இருபதில் பதினான்கில் புழு உயிரோடு இருக்கிறது, தட்டும் வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். எலுமிச்சையில் பழைய இலைகளில் சொறி இருக்கிறது, தாமிர மருந்தை எண்ணெயோடு கலக்கலாமா? பம்பளிமாஸில் சிலந்திப்பேனுக்குக் கந்தகம் அடிக்க நினைத்திருந்தோம். அப்புறம், கடையில் அபாமெக்டின் என்று காட்டிய புட்டியில் எழுத்தெல்லாம் தாய் மொழியில் இருக்கிறது.

கொழுந்து (பதில்):

சொறிநோய்க் கிருமி, புழு கிழித்த தோல் வழியாகத்தான் சுலபமாக நுழைகிறது. எலுமிச்சையை அது ரொம்ப எளிதில் பிடிக்கும். மழைக்காலத்தில் துளைப்பானைக் கட்டுப்படுத்தாமல் சொறியை மட்டும் பார்ப்பது வீண் வேலை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு டேங்குக்கு 50 கிராம், எண்ணெயோடு கலக்கலாம். தூளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் டேங்க் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, எண்ணெயைக் கடைசியில் சேருங்கள். அடிக்கும்போது நடுநடுவே டேங்கை ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே பிரிந்து கடைசிக் கன்றுகள் கருகும். முதல் முறை ஒரு போத்தலில் சிறிதாகக் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். தயிர்போலத் திரிந்தால் அந்தக் கலவை வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கு முதல் தாமிரத் தெளிப்பு, திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) கழிந்து மழை பிடித்து வெடிக்கும் துளிரில் எண்ணெயோடு சேர்ந்தே இருக்கட்டும்.

கந்தகமும் எண்ணெயும் சேரக் கூடாது. ஒன்றுக்கும் மற்றதற்கும் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி. வேலியோரம் பம்பளிமாஸுக்கு அடித்த கந்தகம் காற்றில் எலுமிச்சைமேல் படிந்தாலும் அதே கணக்குதான். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாளிலும், கன்று தண்ணீருக்கு வாடி நிற்கும்போதும் எண்ணெய் வேண்டாம். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய் எதையும் இதற்குப் பதிலாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படிக்க முடியாத புட்டியை வாங்காதீர்கள். மருந்தின் பெயர், சதவீதம், பதிவு எண், காலாவதித் தேதி நான்கும் பர்மிய எழுத்தில் அச்சாகி இருக்க வேண்டும். 1.8 என்று நினைத்து 5 சதவீதப் புட்டியில் 8 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய மூன்று மடங்கு போய்விடும். வேளாண்மைத் துறையின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர் உங்கள் நகரத்தில் இருப்பார். புட்டியின் படத்தைக் காட்டினால் பதிவான மருந்தா என்று சொல்லிவிடுவார்.

ஆற்றங்கரை (பதில்):

இருபதில் பதினான்கு உயிரோடு என்றால் தட்டுக் கணக்குக்காகக் காத்திருக்காமல் சைரோமசினை நாளை மாலையே அடித்துவிடுங்கள். அடித்த மறுநாள் புழு செத்திருக்காது, அதைப் பார்த்துவிட்டு வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம். ஐந்தாறு நாள் கழித்து அதேபோல இருபது இலை பறித்துப் பாருங்கள். தட்டை அதுவரை எடுக்காமல் வையுங்கள். தக்காளி முடிந்ததும் அந்த நடுப்பாத்தியில் உடனே பயறோ வெள்ளரியோ போடாதீர்கள், இரண்டும் இந்த ஈக்குப் பிடித்த பயிர். மக்காச்சோளம் போடலாம்.